வாடகை வீடுகளுக்கு வருடாந்திர பிளம்பிங் ஒப்பந்தம்: பணம் கட்டிப் பார்த்தேன், புதுப்பிக்கவில்லை

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், சென்னையில் போய் எட்டிப் பார்க்க ஆள் இல்லை, வீடும் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது என்றால் இந்த மாதிரி ஒப்பந்தம் எடுக்கலாம். குடித்தனம் இருக்கிற வீடு, ஓனரும் ஒரு ராத்திரி ரயிலில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறார் என்றால் இது தண்டச் செலவு. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுப்பேன். அந்த அரை எதற்கு என்று கீழே வரும்.

கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. புதுப்பிக்காமல் விட்டபிறகு வேறு இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்தேன், வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஆகவே குறை ஒருவருடையது இல்லை, இந்த வியாபாரமே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

எனக்கு மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட், குரோம்பேட்டையில் மேல் கீழ் என்று இரண்டு போர்ஷன் உள்ள ஒரு பழைய வீடு. மூன்றிலும் குடித்தனம். நான் இருப்பது கோவையில். வாடகைக்கு விட்டவர்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு மேல் குடியிருப்பவர் கூப்பிட்டால் அது தண்ணீர் விஷயமாகத்தான் இருக்கும். சுவரில் பெயிண்ட் உரிகிறது என்று யாரும் அந்த நேரத்தில் கூப்பிடமாட்டார்கள். குழாய் ஒழுகல், ஃப்ளஷ் நிற்கவில்லை, சிங்க் அடைப்பு, மேலே தண்ணீர் ஏறவில்லை, கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஓதம் என்று சண்டைக்கு வருகிறார். இந்த ஐந்தைச் சுற்றித்தான் மொத்த வாடகை வாழ்க்கையும் ஓடுகிறது. இதையெல்லாம் ஒரு தொகைக்கு யாராவது எடுத்துக்கொண்டால் நிம்மதி என்று நினைத்துத்தான் மூன்று வீட்டுக்கும் ஒப்பந்தம் போட்டேன்.

விளம்பரத்தில் இருப்பது இதுதான்: வீட்டுக்கு வருடத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம், கூலி கிடையாது, 24 மணி நேரத்துக்குள் ஆள் வரும், வருடத்துக்கு இரண்டு தடவை அவர்களாகவே வந்து எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எதெல்லாம் சேராது என்று ஒரு பட்டியல்: சுவருக்குள் போகும் பைப், டைல்ஸ் உடைக்கவேண்டிய வேலை எதுவும், மொட்டை மாடி லைன், மோட்டார், சம்ப், வெளிச் சேம்பர், செப்டிக் டேங்க், கெய்சர். இதையெல்லாம் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? குழாய், ஆங்கிள் காக், ஹெல்த் ஃபாசெட், ஃப்ளஷ் டேங்க், வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கிற வேஸ்ட் பைப். ஓனருடைய தூக்கத்தைக் கெடுக்கிற பெரிய வேலை ஒன்றுகூட அதில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கூப்பிட்டால் வருகிறார்கள். எப்போதும் சொன்ன நேரத்துக்கு இல்லை, ஆனால் அன்றைக்கோ மறுநாளோ வந்துவிடுகிறார்கள். தீபாவளி வாரத்தில்கூட ஒரு பையன் வந்தான். வேலைக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், பில் எல்லாம் செயலியில் ஏறிவிடுகிறது, கோவையில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். இதைவிட முக்கியமான ஒன்று: வருகிறவரின் பெயரும் படமும் குடியிருப்பவருக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. குரோம்பேட்டை மேல் போர்ஷனில் இருக்கிற அம்மா பகலில் தனியாக இருப்பவர். முன்பெல்லாம் நான் பிளம்பரை அனுப்புகிறேன் என்றால் ‘சாயங்காலம் பையன் வந்ததும் வரச்சொல்லுங்க’ என்பார், அந்தச் சாயங்காலம் நாலு நாள் தள்ளிப்போகும், ஒழுகுகிற குழாய் அதுவரை ஒழுகும். இந்த ஏற்பாட்டில் அவர் யோசிக்காமல் கதவைத் திறந்தார். அந்த அரை நட்சத்திரம் இதற்குத்தான், தயங்காமல் கொடுக்கிறேன்.

இனி குறைகள். கூலி இலவசம் என்றால் கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வரும் என்று யோசித்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். சாமானில்தான். ஃப்ளஷ் டேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் சத்தமில்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டேங்கின் அடியில் ஃப்ளஷ் வால்வு உட்காரும் இடத்து ரப்பர் வாஷர் உப்புப் பிடித்தோ ஊறியோ சரியாக உட்காராமல் போயிருக்கும். இல்லையென்றால் மிதவை வால்வு முழுசாக மூடாமல், மேலே இருக்கும் வழிவுக் குழாய் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். எது என்று கண்டுபிடிக்க கேசரிப் பவுடர் போதும். டேங்குக்குள் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வழிவுக் குழாயின் வாய்க்குக் கீழேயே நிற்கிறது, ஆனாலும் கோப்பையில் கலர் இறங்கியிருக்கிறது என்றால் வாஷர். தண்ணீர் அந்த வாய்வரை ஏறி வழிந்துகொண்டிருந்தால் மிதவை. வாஷர் தனியாக ஹார்ட்வேர்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வந்த பையன் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு ‘செட் முழுசா மாத்தணும் சார்’ என்றான். சரி, மாற்று என்றேன். கொஞ்ச நாளில் அதே டேங்க் மறுபடி ஒழுக, வேறொரு பையன் வந்தான், அவன் ‘டேங்கே மாத்தணும்’ என்றான். எஸ்டிமேட்டில் டேங்க் விலை கடை விலைக்கு மேலே கணிசமாக நின்றது. குடியிருப்பவரிடம் போனில் சொல்லி மூடியைத் திறந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். மிதவையின் கை டேங்க் சுவரில் உரசிக்கொண்டு நின்றது. அவரையே லேசாகத் திருப்பிவிடச் சொன்னேன், நின்றுவிட்டது.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு இத்தனை வீடு முடிக்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறது, சாமான் விற்றால் கமிஷன், வாஷர் தேடிக் கடை கடையாக அலைய நேரமும் கிடையாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் வருவதுதான் பெரிய தொல்லை. குரோம்பேட்டை வீட்டில் சம்ப்பிலிருந்து மேலே போகும் லைன் எந்தச் சுவர் வழியாகப் போகிறது, கிச்சனுக்கான வால்வு மொட்டை மாடியில் எது, எந்த இடத்தில் பழைய இரும்பு பைப்பை விட்டுவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் பைப் இழுத்தோம், இதெல்லாம் அந்த வீட்டில் வேலை பார்த்தவன் தலையில்தான் இருக்கும். வருகிற ஒவ்வொருவரும் முதலில் ‘மெயின் வால்வு எங்க சார்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். செயலியில் படம் ஏறுகிறதே, அதைப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். அது வாடிக்கையாளர் பார்ப்பதற்காம், டெக்னீஷியனுக்குத் தெரியாதாம்!

ஒப்பந்தத்தை விடவேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது மடிப்பாக்கம் ஓதம். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஃபிளாட் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் இது வரும்.

கீழ் ஃபிளாட்காரர் பாத்ரூம் சீலிங்கைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு மூலையில் வெள்ளைப் பூத்து, நடுவில் பழுப்பு வட்டம், ஒரு ஓரத்தில் சொட்டு. கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, சுவருக்குள் போகும் பைப் லீக், ஒப்பந்தத்தில் சேராது, டைல்ஸ் உடைத்து லைன் மாற்றவேண்டும், கொத்தனார் கூலி, டைல்ஸ், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாம் தனி என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எஸ்டிமேட் அனுப்பினார்கள். பாத்ரூமில் இருந்ததே கால் மணி நேரம்தான். எந்தச் சோதனையும் செய்யவில்லை.

சீலிங் ஓதத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வருவது சப்ளை லைன் தண்ணீரா, கழிவுத் தண்ணீரா? சப்ளை லைனில் எப்போதும் அழுத்தம் நிற்கும், அதனால் பாத்ரூமை யாரும் தொடாவிட்டாலும் ராத்திரி பகலாகச் சொட்டும். கழிவு லைனோ தரையோ என்றால் குளித்தபிறகும் துணி அலசியபிறகும்தான் சொட்டும், வீடு பூட்டியிருந்தால் குறையும். இதைத் தெரிந்துகொள்ள எதையும் உடைக்கவேண்டாம். மொட்டை மாடியில் அந்த பாத்ரூமுக்கான வால்வை ஒரு ராத்திரி முழுக்க மூடிவைத்து, கீழே சொட்டு குறைகிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அடுத்து, தரையில் தண்ணீர் வெளியேறுகிற நஹானி ட்ராப்பின் வாயைத் துணியால் இறுக்க அடைத்து, தரையில் அரை இஞ்சு தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடவேண்டும். கீழே ஓதம் கூடினால் தரையும் டைல்ஸ் இடுக்கும் குற்றவாளி. கூடாமல் இருந்து, அடைப்பை எடுத்துத் தண்ணீரை விட்டதும் சொட்டினால் ட்ராப்போ அதற்குக் கீழே இருக்கிற இணைப்போ.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் குரோம்பேட்டையில் எங்கள் அப்பா காலத்திலிருந்து வேலை பார்க்கிற பிளம்பர் அண்ணன். கம்பெனி எஸ்டிமேட் வந்தபிறகு அவரைத்தான் மடிப்பாக்கத்துக்கு அனுப்பினேன். அவர் வால்வை மூடிப் பார்த்தார், சொட்டு நிற்கவில்லை, ஆக சப்ளை லைன் இல்லை. தண்ணீர் நிறுத்திப் பார்த்தார், ஓதம் கூடியது. அப்புறம் டைல்ஸ் இடுக்கை ஒரு ஆணியால் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெள்ளைச் சிமென்ட் இருந்த இடமே தெரியவில்லை, வெறும் பள்ளம். ஆசிட்தான் காரணம் என்றார். உப்புக் கறை போக வாரா வாரம் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். ஆசிட் உப்பைக் கரைக்கிற அதே வேகத்தில் இடுக்கில் இருக்கிற சிமென்ட்டையும் கரைத்துவிடும், குழாயின் குரோம் பூச்சையும் தின்றுவிடும். இடுக்கெல்லாம் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, டைல்ஸ் இடுக்கை நிரப்புகிற எபாக்ஸி கிரவுட் போட்டு, நஹானி ட்ராப்பின் வாயைச் சுற்றியும் அடைத்தார்கள். ஒரு டைல்கூட உடைக்கவில்லை. கம்பெனி கேட்டதில் ஒரு சின்னப் பங்குதான் செலவு. சீலிங்கில் ஏற்கெனவே ஏறியிருந்த ஈரம் காயச் சில வாரம் ஆனது, கீழ் வீட்டுக்காரர் அதுவரை முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

எபாக்ஸி எல்லா ஓதத்துக்கும் மருந்து என்று சொல்லவில்லை. தரைக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங்கே கெட்டுப்போயிருந்தால் உடைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் உடைக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வால்வை மூடிப் பார்க்கக்கூட ஒப்பந்தக்காரனுக்குத் தோன்றவில்லை என்றால் நான் எதற்கு வருடா வருடம் பணம் கட்டவேண்டும்?

வருடத்துக்கு இரண்டு பரிசோதனை என்றார்களே, அது என்ன என்றும் சொல்கிறேன். குழாயைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ‘எல்லாம் ஓகே’ என்று பச்சை டிக். சென்னையின் புறநகரில் வீடு வைத்திருக்கிறவனுக்கு நிஜமாகத் தேவையான பரிசோதனை வேறு. அங்கே எதிரி போர் தண்ணீரின் உப்பு. நான் கோவையில் சிறுவாணித் தண்ணீரில் இருக்கிறேன், இங்கே எங்கள் வீட்டுக் குழாய்க்கு எத்தனை வருஷம் ஆச்சு என்று எனக்கே நினைவில்லை. அதே கம்பெனி, அதே மாடல் குழாய் மடிப்பாக்கத்தில் இரண்டு வருடத்தில் திருகவே முடியாமல் இறுகிவிடுகிறது. காய்ச்சினால் பாத்திரத்தில் படிகிற அதே சுண்ணாம்பு பைப்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் படிகிறது. ஷவரின் துளைகளும் குழாய் வாயில் இருக்கிற சல்லடையும் அடைபடுவது கண்ணுக்குத் தெரியும், எலுமிச்சையோ வினிகரோ போட்டு ஊறவைத்துக் கழுவிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது ஆங்கிள் காக். கமோடுக்கும் வாஷ்பேசினுக்கும் கெய்சருக்கும் சுவரிலிருந்து வருகிற இடத்தில் ஒரு சின்ன வால்வு இருக்குமே, அதை யாரும் தொடுவதே இல்லை. வருஷக்கணக்கில் திறந்தே கிடந்து உப்புப் பிடித்து இறுகிவிடும். ஒருநாள் அதிலிருந்து போகும் கனெக்‌ஷன் ஹோஸ் வெடிக்கும், அப்போது அந்த வால்வை மூடப் பார்த்தால் திரும்பாது, பலமாகத் திருகினால் கையோடு வந்துவிடும். அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடி மெயினை மூடவேண்டும், அந்த கேட் வால்வும் இறுகிக் கிடக்கும், ராத்திரி ஒரு மணிக்கு ஹாலில் கணுக்கால் தண்ணீர். ஆறு மாதத்துக்கு ஒருதரம் வீட்டில் இருக்கிற எல்லா வால்வையும் ஒருதடவை மூடித் திறந்துவிட்டாலே இதில் பெரும்பங்கு வராது. பத்து நிமிட வேலை. அந்தப் பச்சை டிக் பட்டியலில் அது இல்லை.

கெய்சரின் சேஃப்டி வால்வும் அதே கதை. அடைத்துக்கொண்டால் ஆபத்து, பரிசோதனையில் தொடுவதில்லை, ஏனென்றால் கெய்சர் ஒப்பந்தத்தில் சேராது. இன்னொன்றும் கவனித்தேன், கெய்சரிலிருந்து வெளியே வரும் வெந்நீர் லைனில் ஒரு துண்டு மட்டும் வெள்ளை யுபிவிசி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், கையில் இருந்ததை ஒட்டிவிட்டார்கள் போல. யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு. வெந்நீருக்குச் சந்தன நிற சிபிவிசிதான், அது 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று பைப் கம்பெனிக்காரர்களே போட்டிருப்பார்கள். யுபிவிசி அந்தச் சூட்டில் இளகி வளைந்துவிடும். ஒட்டுகிற சொல்யூஷனும் இரண்டுக்கும் வேறு, ஒட்டியவுடன் தண்ணீரைத் திறந்துவிடக்கூடாது, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் காயவேண்டும். அடுத்த வீட்டுக்கு ஓடவேண்டியவன் அதுவரை உட்கார்ந்திருப்பானா?

பிளம்பர் அண்ணனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஊர்ப் பிளம்பர் எல்லாம் தெய்வம் என்று எழுதுகிற ஆள் ஆகிவிடுவேன். போன் எடுக்கமாட்டார். ‘இதோ தெருமுனைல இருக்கேன்’ என்றால் பல்லாவரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வாரம் ஆள் கிடையாது, பொங்கலுக்குச் சொந்த ஊர் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பில் கேட்டால் கடை ரசீதின் பின்பக்கம் கூலியை எழுதிக் கொடுப்பார். வேலை முடித்த இடத்தைச் சுத்தம் செய்யமாட்டார், குடியிருப்பவர்கள் இதைத்தான் அதிகம் குறை சொல்வார்கள். அவசரத்துக்கு எல்லாவற்றுக்கும் எம்சீல் பசைதான், ‘அடுத்த வாரம் வந்து சரியா பண்ணிடலாம்’ என்பார், அந்த அடுத்த வாரம் எம்சீல் விட்டுப்போகிற அன்றைக்குத்தான் வரும். ஆனால் வீடு அவருக்குத் தெரியும். தேவையில்லாத சாமானை வாங்கச் சொன்னதில்லை. கழற்றிய பழைய பித்தளைக் குழாயைக் காயலான் கடையில் போட்டு அந்தக் காசைக் கூலியில் கழித்துக்கொள்வார், இதைக் கம்பெனியில் எதிர்பார்க்க முடியுமா.

ஒப்பந்தம் விற்க வந்தவர் சொன்ன இரண்டு விஷயத்தையும் இங்கே உடைத்துவிடவேண்டும். ஒன்று, ‘ஜிஎஸ்டி பில் தருகிறோம், வருமான வரியில் காட்டிக்கொள்ளலாம்’. வீட்டு வாடகையை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டுகிறவர்களுக்கு, வருடத்தில் வந்த வாடகையில் வீட்டு வரியைக் கழித்து மிஞ்சுவதில் 30 சதவீதம் நிலையான கழிவாகக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் ரிப்பேருக்கு ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே 30தான், பில்லைக் காட்டி அதற்கு மேல் எதுவும் கழிக்க முடியாது. குடியிருப்பவரிடம் கணக்குச் சொல்லப் பில் உதவும், வரிக்கு உதவாது.

இரண்டாவது, ‘எல்லாம் ஓனர் பொறுப்புதானே சார், எங்ககிட்ட விட்டுட்டு நிம்மதியா இருங்க’. எல்லாம் ஓனர் பொறுப்பு இல்லை. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அதன் இரண்டாவது அட்டவணையில் எது யார் வேலை என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், தேவைப்படும்போது பைப் லைன் மாற்றுவது ஓனர், குழாயும் வாஷரும் மாற்றுவது, கழிவு அடைப்பு எடுப்பது, கமோடு, வாஷ்பேசின், கெய்சர் ரிப்பேர் குடியிருப்பவர். இப்போது அந்தப் பிளம்பிங் ஒப்பந்தம் எதையெல்லாம் செய்கிறது என்று மேலே போய்ப் பாருங்கள். சட்டப்படி குடியிருப்பவர் செய்யவேண்டியதை ஓனர் காசில் செய்துகொடுக்கிறது, ஓனர் செய்யவேண்டியதை ‘சேராது’ என்று தள்ளிவிடுகிறது! இதைக் கவனித்தபிறகு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சட்டத்தை எடுத்துக்கொண்டு குடியிருப்பவரிடம் வாஷருக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை, அப்படிப் பார்த்தால் அவர் ஒழுகலைச் சொல்லாமலே விட்டுவிடுவார், அது நமக்குத்தான் நஷ்டம். நான் மூன்று வீட்டுக்கும் இப்போது வைத்திருக்கிற ஏற்பாடு இது: ஒரு சின்னத் தொகைக்குள் என்றால் என்னைக் கேட்காமலே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு, கழற்றிய பழைய சாமானையும் ரசீதையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் முதலில் வீடியோ. யாரும் இதை வைத்து ஏமாற்றவில்லை. மேல் போர்ஷன் அம்மா நாற்பது ரூபாய் வாஷருக்குக்கூடப் படம் அனுப்புகிறார். அவருக்கு மட்டும் பிளம்பர் வரும் நேரத்தை முதல்நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன், கூடவே பிளம்பரின் படத்தையும் அனுப்பிவிடுகிறேன், அந்த வழக்கத்தைக் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் நுழைய 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, வாட்ஸப்பில் ஒரு வரி போடுவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சாமானைப் பொறுத்தவரை மூன்று வீட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் குழாய்க்கு மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறேன். விலை உயர்ந்தது இல்லை, ஊர் ஹார்ட்வேர்ஸ் கடையில் உதிரி பாகம் கிடைக்கிற மாடல். கால்வாசி திருப்பினாலே திறக்கிற இப்போதைய குழாய்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் உள்ளே இருக்கிற செராமிக் டிஸ்க் ஸ்பிண்டில் மட்டும்தான், அது தனியாகக் கிடைத்தால் குழாயையே மாற்றவேண்டாம். ஆன்லைனில் பளபளவென்று வருகிற பெயர் தெரியாத குழாய்களுக்கு அந்த உதிரி கிடைக்காது, வாங்கும்போது மலிவு, அப்புறம் முழுசாகக் குப்பையில் போகும். இரண்டு ஸ்பிண்டில், இரண்டு கனெக்‌ஷன் ஹோஸ், ஒரு ஃப்ளஷ் வாஷர் செட், டெஃப்லான் டேப் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஒவ்வொரு வீட்டு லாஃப்டிலும் வைத்தாகிவிட்டது. பிளம்பர் வந்தால் கடைக்குப் போகிற சாக்கில் இரண்டு மணி நேரம் காணாமல் போவது இதனால் நின்றுவிட்டது. மொட்டை மாடியில் ஒவ்வொரு வால்வுக்கும் பெயிண்டில் எழுதிவிட்டோம்: மேல் கிச்சன், மேல் பாத்ரூம், கீழ், மெயின். கேட் வால்வு இறுகிப்போன இடத்தில் பால் (ball) வால்வு போட்டாயிற்று, கால்வாசி திருப்பினாலே மூடிவிடலாம், குடியிருப்பவரே போய் மூடுவார்.

செப்டிக் டேங்க், சேம்பர் அடைப்பு இரண்டுக்கும் ஒப்பந்தமும் உதவாது, பிளம்பர் அண்ணனும் வேண்டாம். அந்தப் பக்கம் செப்டிக் டேங்க் இன்னும் நிறைய வீடுகளில் உண்டு. லாரியோ ஜெட்டிங் மெஷினோ வைத்துத்தான் எடுக்கவேண்டும். ‘ஆளை இறக்கி எடுத்துடலாம் சார், கம்மியா முடியும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே போனை வையுங்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்கிற 2013 சட்டப்படி அது குற்றம், அதைவிட, விஷவாயுவில் ஓர் உயிர் போய்விடும். கமோடில் போடக்கூடாதது என்று நாப்கின், ஈரத் துடைப்புத் தாள் இரண்டையும் எழுதி பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன், குடியிருப்பவர்கள் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த ஒரே தனி வேலை, குடித்தனம் மாறும்போது அவர்கள் செய்துகொடுத்த முழுப் பரிசோதனை. இதை வருடச் சந்தா இல்லாமல் ஒருமுறைக் கட்டணமாகவும் செய்கிறார்கள். பழையவர் காலி செய்த அன்றைக்கும் புதியவர் வருவதற்கு முன்னாலும் ஒவ்வொரு குழாய்க்கும் தேதியோடு படம் இருந்தது. அட்வான்ஸைத் திருப்பும்போது ‘இது முன்னாடியே உடைஞ்சிருந்தது சார்’ என்ற பேச்சு அதனால் வரவில்லை. இதற்கு மட்டும் அவர்களை மறுபடி கூப்பிடுவேன். ஆனால் கூடவே எல்லா வால்வையும் மூடித் திறந்து காட்டச் சொல்லுங்கள், மாடியில் மெயினை மூடி அரை மணி கழித்து எந்தக் குழாயிலாவது தண்ணீர் வருகிறதா என்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தானாகச் செய்யமாட்டார்கள், கேட்டால் செய்வார்கள்.

புதுப்பிக்கச் சொல்லி இன்னமும் போன் வந்துகொண்டிருக்கிறது, இந்தத் தடவை முப்பது சதவீதம் தள்ளுபடியாம். சுவருக்குள் போகிற பைப்பைச் சேர்க்கிறீர்களா என்று கேட்டேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.